ஹெரால்டின் நடை

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமில்லாத நேரத்தில் காப்பியோடு உட்கார்ந்து படியுங்கள்.

மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பழகிய வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும். வாங்க வந்தவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், கொம்பைத் தடவிப் பார்ப்பார். எல்லாம் பிடித்திருந்தாலும் கடைசியில் ஒன்று கேட்பார்: "கொஞ்சம் நடத்திக் காட்டுங்க." நடை சரியில்லை என்றால் மற்ற லட்சணங்கள் எதற்கும் மதிப்பில்லை.

காருக்கும் அப்படி ஒரு நடை உண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் எவ்வளவு சீக்கிரம் கேட்கிறது, வளைவில் எந்தப் பக்கம் சாய்கிறது, பள்ளத்தில் இறங்கினால் எப்படி எழுகிறது, பிடி விட்டுப்போகும் முன்னால் நமக்கு எச்சரிக்கை தருகிறதா இல்லையா என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அது. பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் பெயின்டையும் சீட்டையும் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். நடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஆனால் ஒரு மாற்றத்தில் முதலில் கெடுவது அதுதான்.

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே நல்ல பாடம் இருக்கிறது. ஒரே தொழிற்சாலை, மூன்று கார்கள்: ஹெரால்டு, கெஸல், ஸ்டாண்டர்டு 2000. மூன்றும் இங்கிலாந்தில் பிறந்த வடிவங்கள். மூன்றையும் நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றினார்கள். ஒன்றில் நடை தப்பிப் பிழைத்தது, ஒன்றில் பாதி போனது, ஒன்றில் முழுக்கப் போனது.

சென்னை யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் கை கோத்து 1948-இல் தொடங்கியது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. தொழிற்சாலை வண்டலூர் பக்கம். மதுரையிலிருந்து சென்னைக்கு ரோட்டு வழியாகப் போன பழைய ஆட்களுக்கு, தாம்பரம் வரப்போகிறது என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம். முதலில் வான்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட் என்று சில கார்கள் வந்தன. 1961-இல் வந்தது ஹெரால்டு.

இங்கிலாந்தில் அதன் பெயர் ட்ரயம்ஃப் ஹெரால்டு. 1959-இல் வெளியானது. வடிவம் கொடுத்தவர் இத்தாலியர் ஜியோவானி மிக்கெலொட்டி. அப்போது உலகத்தில் பல கார்கள் சேசிஸ் தனி, பாடி தனி என்ற முறையைக் கைவிட்டு ஒரே கூடாக மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டு மட்டும் பழைய முறைக்கே திரும்பியது. காரணம் சுவையானது. ஸ்டாண்டர்டு கம்பெனிக்குப் பாடி செய்து கொடுத்த ஆலையைப் போட்டிக் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. ஒரே இடத்தில் முழு பாடி செய்ய வழியில்லை. ஆகவே பாடியைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, ஒரு சேசிஸ் மேல் போல்ட் போட்டுப் பூட்டினார்கள். அவர்களுக்கு அது நெருக்கடி. நமக்கு அதுவே வசதியாகிவிட்டது. பெட்டியில் வரும் துண்டுகளைச் சென்னையில் பூட்டலாம், ஒவ்வொரு துண்டாக உள்ளூரில் செய்யவும் கற்றுக்கொள்ளலாம். 1965 வாக்கில் காரின் மூன்றில் இரண்டு பங்கு இந்தியப் பாகங்களாகிவிட்டது.

ஹெரால்டின் நடை எப்படி? முன்பக்கம் அருமை. ரேக் அண்டு பினியன் ஸ்டியரிங், சக்கரத்துக்குச் சக்கரம் தனித்தனியான சஸ்பென்ஷன். சுமார் 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் அடித்துவிடும். மாசி வீதியில் எதிரே மாட்டு வண்டி வந்தாலும் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம் என்று என் பெரிய மாமா பெருமையாகச் சொல்வார். அவரிடம் ஒரு ஹெரால்டு இருந்தது. பேனட்டும் முன் மட்கார்டும் ஒன்றாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்ப்பார். 948 சிசி என்ஜின், சுமார் 35 குதிரைத்திறன். வேகம் பெரிதல்ல. ஆனால் ஸ்டியரிங் கையில் இருந்தால் ரோடு கையில் இருப்பதுபோல் இருக்கும்.

பின்பக்கம்தான் கதை. இதைப் பிளஸ் டூ இயற்பியல் போல நினைத்துக்கொண்டு படியுங்கள்.

அம்பாசடர், ஃபியட் போன்ற கார்களில் பின் சக்கரம் இரண்டையும் ஒரே கட்டையான அச்சு இணைக்கும். ஹெரால்டில் அப்படியில்லை. நடுவில் டிஃபரன்ஷியலை சேசிஸோடு இறுக்கிவிட்டார்கள். அதிலிருந்து இரு பக்கமும் இரண்டு அரை அச்சுகள். மூட்டு இருப்பது உள்பக்கம் மட்டும்தான். தோளிலிருந்து கையை நீட்டி மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். முழங்கை மடங்காது, மணிக்கட்டு மடங்காது. உள்ளங்கை ஒரு வில் போலச் சுற்றி வரும். அந்த உள்ளங்கைதான் சக்கரம். சக்கரம் மேலே போனால் அதன் தலை காருக்கு உள்பக்கம் சாயும். கீழே இறங்கினால் தலை வெளியே சாயும், அடி உள்ளே போகும்.

இப்போது கார் வேகமாக வளைகிறது. ரோடு வெளிப்பக்க டயரை உள்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளு அரை அச்சின் வழியாக நெம்புகோல் போல ஏறி, காரின் பின்பக்கத்தையே மேலே தூக்கப் பார்க்கும். பின்பக்கம் எழுந்தால் சக்கரம் தொங்கும், அடி உள்ளே மடியும், டயரின் முழு அகலமும் ரோட்டில் படாது. பிடி திடீரென்று போய்விடும். வளைவுக்குள் போனபின் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்னும் மோசம். எடை முன்னால் போகும், பின்பக்கம் லேசாகும், வால் சுற்றிக்கொண்டு வரும். பயந்த மனிதன் இயல்பாக எதைச் செய்வானோ, அதையே இந்தக் கார் தண்டித்தது.

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலையேறும்போது எங்கள் மாமா கலகலப்பாகப் பேசிக்கொண்டு வருவார். இறங்கும்போது வாயே திறக்க மாட்டார். "வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் கொட்டிடணும். உள்ளே போயி யோசிக்கக்கூடாது" என்பார். நான் பின்னாளில் வட்ட இயக்கம் நடத்தியபோதெல்லாம் அந்த வாக்கியத்தைத்தான் வகுப்பில் சொல்வேன். உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம்.

இதே சேசிஸ் அமைப்பைக் குட்டையாக்கி 1962-இல் கவென்ட்ரியில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்தார்கள். பெயர் ஸ்பிட்ஃபயர். ஹெரால்டுக்கு முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 91.5 அங்குலம் என்றால் ஸ்பிட்ஃபயருக்கு 83 அங்குலம். என்ஜினும் அதே வம்சம்தான், 1147 சிசி, 63 குதிரைத்திறன். ஹெரால்டின் அண்ணன் தம்பி என்றே சொல்லலாம். சக்தி கூடி நீளம் குறைந்தபோது, பின் சக்கரத்தின் குறை ஒளிந்துகொள்ள இடமில்லாமல் வெளியே வந்துவிட்டது. அதே சமயம், ரசிகர்கள் அந்தக் காரை விரும்பியதே அதன் துடிப்பான நடைக்காகத்தான். குறையை எடுக்க வேண்டும், துடிப்பு போகக்கூடாது. என்ன செய்தார்கள்?

ஸ்பிட்ஃபயரின் அக்காள் போன்ற ஜிடி6 காரில் (2 லிட்டர், ஆறு சிலிண்டர்) 1968-இல் செலவு செய்து கீழே இன்னொரு தாங்கு கை கொடுத்தார்கள். அச்சில் ரப்பர் இணைப்பு சேர்த்தார்கள். மடங்காத கைக்கு மணிக்கட்டு முளைத்ததுபோல. சக்கரம் ஏறினாலும் இறங்கினாலும் ஏறக்குறைய நிமிர்ந்தே நின்றது.

ஸ்பிட்ஃபயருக்கு அவ்வளவு செலவு கட்டாது. 1970-இல் அதற்கு வந்த மருந்துதான் எனக்கு மிகவும் பிடித்தது. காரின் குறுக்கே ஒரு கமான் பட்டைக் கட்டு உண்டு. அதன் எல்லாப் பட்டைகளையும் அதுவரை டிஃபரன்ஷியல் மேல் இறுக்கி வைத்திருந்தார்கள். இப்போது அடிப்பட்டையை மட்டும் இறுக்கிவிட்டு, மற்றப் பட்டைகள் நடுவில் ஏற்றப்பலகை போல இரு பக்கமும் ஆடும்படி விட்டார்கள். கார் நேராகப் போகும்போது வழக்கம்போல எடையைத் தாங்கும். வளைவில் சாயும்போது பட்டையும் கூடவே ஆடிவிடும். வெளிச்சக்கரத்தின் மேல் ஏறும் பாரம் குறையும். பின்பக்கம் விட்டுக்கொடுத்ததை ஈடுகட்ட, முன்பக்கம் சாய்வைத் தடுக்கும் கம்பியைத் தடிமனாக்கினார்கள். ஸ்டியரிங் அதே, சேசிஸ் அதே, அரை அச்சு அதே. கார் ஸ்பிட்ஃபயராகவே இருந்தது. குணம் போகவில்லை, கோபம் மட்டும் தணிந்தது.

நோயை முழுதாகப் புரிந்துகொண்டவன் கொடுக்கும் மருந்து சின்னதாக இருக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இனி வண்டலூருக்கு வருவோம். நம்மவர்கள் ஹெரால்டில் செய்த முதல் பெரிய மாற்றம் கதவு. இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான். நம் ஊரில் பட்டுப்புடவை கட்டிய பெரியம்மா முன் சீட்டை மடக்கி, குனிந்து, பின்னால் போய் உட்காருவது நடக்கிற காரியமா? 1960களின் பிற்பகுதியில் நான்கு கதவு வைத்த மார்க் 3 வந்தது. அப்படி ஒரு ஹெரால்டு இங்கிலாந்திலேயே கிடையாது. சென்னைப் பொறியாளர்கள் உண்டாக்கியது. சக்கர அமைப்பைத் தொடவில்லை, ஆகவே நடை பிழைத்தது. கூடவே குறையும் பிழைத்தது.

அந்தக் குறை நம் ஊரில் வேறு உருவம் எடுத்தது. இங்கே மணிக்கு 100 கிலோமீட்டரில் வளைந்தவர் யார்? நம் பிரச்சினை பாரம். பின்னால் நான்கு பேர், டிக்கியில் அரிசி மூட்டை. பின்பக்கம் அமுங்கினால் சக்கரங்களின் தலை உள்ளே சாய்ந்து, கால் அகட்டி நிற்கும் பிள்ளை போல ஆகிவிடும். டயரின் உள் ஓரம் மட்டும் தேயும். டயர் கிடைப்பதே அரிதான காலம். மெக்கானிக்குகளுக்கும் இந்த அமைப்பு புதிது. பட்டறையில் ஒரு வைத்தியம் செய்தார்கள்: கமானில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்ப்பது. பாரத்தோடு போகும்போது சரியாகத் தெரியும். ஆனால் தனி ஆளாக ஓட்டும்போது பின்பக்கம் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதாவது சக்கரம் ஏற்கெனவே பாதி மடிந்த நிலையில் வளைவுக்குள் நுழையும். பந்தயக்காரர்கள் செய்வது இதற்கு நேர் எதிர்: பின்பக்கத்தைத் தாழ்த்துவார்கள்.

பந்தயம் என்றதும் சோழவரத்தைச் சொல்லாமல் விட முடியாது. சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953-இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. பிறகு 1990 வாக்கில் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்தது. வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் இறக்குமதி அரிதான காலம் என்பதால், வாரநாளில் ஆபீஸ் போகிற ஃபியட்டும் ஹெரால்டும்தான் நம் ஊர் ஸ்போர்ட்ஸ் கார்கள். வீட்டுக் காரின் நடையைத் திருத்தி ஓட்டும் கலையை ஒரு தலைமுறை அங்கேதான் கற்றது.

1972-இல் ஸ்டாண்டர்டு கம்பெனி கெஸல் என்று ஒரு காரை வெளியிட்டது. மான் இனத்தின் பெயர். என்ஜின் அதே 948 சிசி. ஆனால் பின்பக்கத்தில் அந்த அரை அச்சுகளைத் தூக்கிவிட்டு, மற்றக் கார்களைப் போல ஒரே கட்டை அச்சைப் போட்டுவிட்டார்கள். வாங்குகிறவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பழைய அமைப்பு பிடிக்கவில்லை என்பதுதான் காரணம்.

இதைக் கேட்டால் பழைய கார் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். நான் சுளிக்க மாட்டேன். சக்கரம் மடிவது நின்றது, டயர் நேராகத் தேய்ந்தது, எந்த ஊர்ப் பட்டறையிலும் பிரித்துப் பூட்ட முடிந்தது. ஒரு குடும்பத்தின் ஒரே காருக்கு இவையெல்லாம் சின்ன நன்மைகளல்ல. கொடுத்த விலையும் உண்டு. கட்டை அச்சில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் அதை உணரும். ஹெரால்டு கல்லையும் குழியையும் ஒவ்வொரு காலாகத் தாண்டிப் போகும், கெஸல் இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்கும். குறையைத் திருத்தும்போது நடையில் பாதியையும் கொடுத்துவிட்டார்கள். கவென்ட்ரியில் ஒரு கிளாம்ப்பை மாற்றித் தீர்த்ததை, இங்கே முழுப் பின்பக்கத்தையும் மாற்றித் தீர்த்தார்கள். 1977 வரை குறைந்த எண்ணிக்கையில் வந்து கெஸல் நின்றது.

மூன்றாவது கதை சோகமானது. 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000. இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காரின் உடல். அந்த ரோவர் 1977-இல் ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார் என்ற விருது பெற்றது. முதலில் வந்த மாடலில் மூன்றரை லிட்டர் வி8 என்ஜின், சுமார் 155 குதிரைத்திறன். பின்பக்கம் அதற்கும் கட்டை அச்சுதான் என்பதைக் கவனியுங்கள். கட்டை அச்சை நன்றாகக் கட்டினால் நல்ல நடை வரும் என்பதற்கு அதுவே சாட்சி. நம் ஊரில் அந்த உடலுக்குள் பழைய வான்கார்டு வழிவந்த 1991 சிசி என்ஜினை வைத்தார்கள். சுமார் 83 குதிரைத்திறன். மேடுபள்ளத்துக்காகக் காரையும் உயர்த்தினார்கள். கனத்த உடல், களைத்த இதயம், உயர்ந்த கால். பார்வைக்குப் பாயும் சிறுத்தை, ஓட்டினால் வேறு பிராணி. 1988-இல் உற்பத்தி நின்றது. தொழிற்சாலையும் கார் செய்வதை நிறுத்தியது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 1972 முதல் 1977 வரை வந்த கெஸல்கள் ஒவ்வொன்றாக ஐம்பது வயதைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. ஹெரால்டுகள் எல்லாமே தாண்டிவிட்டன. தாத்தாவின் கார் ஷெட்டில் நிற்கிறது, பேரனுக்கு ஆசை வந்திருக்கிறது. சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் அப்படி ஒரு மார்க் 3 பற்றிக் கேட்டார். மாருதி என்ஜின் வைக்கலாமா, அகல டயர் போடலாமா, பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாமா என்று மூன்று கேள்வி. பழங்காநத்தம் ரவுண்டானாவிலிருந்து பைபாஸ் ரோடு நெடுக எத்தனை பட்டறை இருக்கிறது, கேட்டால் யாராவது செய்து கொடுத்துவிடுவார்கள். ஆகவே எல்லோருக்கும் பயன்படட்டும் என்று என் கருத்தை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 2021 ஜூலையில் மத்திய அரசு பழமையான வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்திருக்க வேண்டும். அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. அப்படிப் பதிந்தால் நம்பரில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்குத்தான். என்ஜினை மாற்றினால் இந்தத் தகுதியை இழக்க நேரும். சாதாரணப் பதிவில் ஓட்டினாலும், பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்காமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

அடுத்து நடை. மாற்றத்துக்கு முன்னால், இருப்பது சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஹெரால்டுக்கு முன் டயரில் காற்று குறைவாகவும் பின் டயரில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். வால் முந்திக்கொள்ளாமல் காப்பது அந்த வித்தியாசம்தான். காற்றுக் கடையில் நாலுக்கும் ஒரே அளவு அடித்துவிட்டால், ஒரு பைசா செலவில்லாமல் காரைக் கெடுத்தாயிற்று. முன் சக்கரத்தின் அடியில் ட்ரன்னியன் என்ற வெண்கலத் திருகு மூட்டு இருக்கிறது. அதற்குக் கிரீஸ் அல்ல, கியர் ஆயில் விட வேண்டும். காய்ந்து தேய்ந்தால் சக்கரமே உடைந்து மடியும்.

பின்பக்கத்தைத் தூக்காதீர்கள். பழைய பட்டறை வைத்தியமாகச் சேர்த்த கூடுதல் பட்டை இருந்தால் எடுத்துவிடுங்கள். அகல டயர் பிடியைக் கூட்டும். பிடி கூடினால் அந்த நெம்புகோல் தள்ளும் கூடும், ஸ்டியரிங்கும் கனக்கும். அசல் அளவுக்குப் பக்கத்திலேயே இருங்கள். மின்விளக்கு, வயரிங், சீட் பெல்ட், நல்ல பிரேக் லைனிங் இவற்றைத் தாராளமாகப் புதிதாக்குங்கள், நடை கெடாது.

திருவாரூர்த் தேரைப் பாருங்கள். திருச்சி பெல் நிறுவனம் அதற்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. ஆனாலும் வடம் பிடிப்பது மனிதர்கள்தான், திருப்புவது முட்டுக்கட்டைதான், அசைந்து வருவதும் பழையபடிதான். ஆபத்தை எடுத்தார்கள், அசைவை விட்டுவைத்தார்கள். அதைச் செய்தவர்களுக்கு எது தேர், எது வெறும் சக்கரம் என்று தெரிந்திருந்தது.

கடைசியாக ஒரு விண்ணப்பம். என்ன மாற்றினாலும், நாளைக்கு வேறொருவர் திரும்பப் பழையபடி ஆக்க வழி வைத்து மாற்றுங்கள். சேசிஸை வெட்டாதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் எண்ணெய் தடவி, சீட்டு எழுதிக் கட்டி, ஒரு தகரப் பெட்டியில் போட்டு வையுங்கள். பழைய இரும்புக் கடைக்கு எடைபோட்டுவிட்டால் வண்டலூரில் போய்த் திரும்ப வாங்க முடியாது. உறவுகளில், மாணவர்களில் யார் வீட்டிலாவது ஹெரால்டோ கெஸலோ நின்றால் எனக்கு எழுதுங்கள். படமும் போடுங்கள். பின் சக்கரம் தெரிகிற மாதிரி எடுத்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் சார்,
பழங்காநத்தம், மதுரை.